மொட்டைக் கடிதாசியை நம்பும் தம்பி

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. டெக்ஸ்டைல் பிரிண்டிங் யூனிட்டில் நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர். 2020 லாக்டவுனில் வேலை போய் வீட்டில் கிடந்தபோது டெலிகிராமில் ஒரு சேனலில் சேர்ந்தான். உலகத்தையே ஒரு ரகசியக் கும்பல் ஆட்டிவைக்கிறது, தடுப்பூசி எல்லாம் ஜனத்தொகையைக் குறைக்கத்தான் என்று ஆரம்பித்து இப்போது எங்கேயோ போய்விட்டான். ஆங்கிலத்தில் வருவதை ராத்திரி உட்கார்ந்து தமிழில் எழுதி அங்கே போடுகிறான். அதற்கு இருநூறு பேர் ஹார்ட் போடுகிறார்களாம். அவன் மகளுக்கு ஒன்றரை வயது. தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசியை அவன் மனைவி தாய்வீட்டில் இருந்தபோது போட்டுவிட்டாள். இரண்டாவதைப் போடவே கூடாது என்கிறான். நர்ஸம்மா இரண்டு தடவை வீடு தேடி வந்து திரும்பிப் போய்விட்டார். அந்த சேனல் அட்மின் யார், எந்த ஊர் என்று கேட்டால், “பேரைச் சொன்னா உயிரோட விட மாட்டாங்கக்கா” என்கிறான். எங்கள் அப்பா சுகாதார ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வாயைத் திறந்தால், “நீங்க கவர்மெண்ட் ஆளுப்பா, அப்படித்தான் சொல்வீங்க” என்கிறான். பேரே தெரியாத ஒருவனை நம்புகிறவன் பெற்ற அப்பாவை நம்ப மாட்டேன் என்கிறானே, இது மனநோயா? ஆதார் இல்லாமல் யாருமே கணக்கு தொடங்க முடியாது என்று சட்டம் போட்டால் இதெல்லாம் தீராதா? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவனைத் தூக்கிவிடலாம் என்று பெரியப்பா சொல்கிறார். செய்யலாமா? (என் பெயரைப் போட வேண்டாம்.)

— ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஊசி விஷயத்தை முதலில் பேசிவிடுவோம், அதற்குத்தான் நாள் கணக்கு இருக்கிறது. தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டியது. குழந்தைக்கு ஒன்றரை வயது என்றால் இன்னும் சில மாதங்கள் கையில் இருக்கின்றன. தப்பித் தவறி அதையும் தாண்டினாலும் ஐந்து வயது வரை போடலாம். அதைக் காரணமாக வைத்துத் தள்ளிப்போடாதீர்கள், தட்டம்மை காத்திருக்காது. ஆனால் நாளைக்கே சண்டை போட்டு முடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. எப்படிப் பேசுவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இல்லை. ஒழுங்காக வேலைக்குப் போகிறான், ஷிஃப்ட் பார்க்கிறான், குழந்தை மேல் உயிரை வைத்திருக்கிறான். அவன் நம்புவது தவறு என்பதாலேயே அது நோய் ஆகிவிடாது.

இனி உங்கள் கடிதத்தின் மையக் கேள்வி. பெயர் தெரியாதவனை எப்படி நம்புகிறான்? பெயர் தெரியாமல் இருந்தும் நம்புகிறான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பெயர் தெரியாததால்தான் நம்புகிறான் என்பது என் கணிப்பு.

நம் ஊரில் ஒருவர் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி எந்த ஊர், யார் வீட்டுப் பையன். அதிலிருந்து சாதி, கட்சி, சம்பளம் கொடுப்பது யார் என்று ஐந்து நிமிடத்தில் ஜாதகமே கணித்துவிடுவோம். பிறகு அவர் எது சொன்னாலும் அந்தக் கணக்கில் வைத்துத்தான் கேட்போம். உங்கள் அப்பாவுக்கு நடந்தது அதுதான். அவருக்குப் பெயர் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது. ஆகவே சந்தேகப்பட ஒரு பிடி இருக்கிறது. அட்மினுக்கு அப்படி எந்தப் பிடியும் இல்லை. சாதி தெரியாது, சம்பளம் தெரியாது, போன வருஷம் என்ன பொய் சொன்னார் என்பதும் தெரியாது. தெரியாத இடத்தை எல்லாம் உங்கள் தம்பி தன் மனசுக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொள்கிறான்: உயிரைப் பணயம் வைத்து உண்மை சொல்லும் வீரர். மறைந்திருப்பதே தியாகத்துக்குச் சான்றாகிவிட்டது.

மொட்டைக் கடிதாசி நமக்குப் புதிதல்ல. எத்தனை கல்யாணத்தை அது நிறுத்தியிருக்கிறது! ஆனால் அந்தக் காலத்தில் மொட்டைக் கடிதாசி வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி “எவன் எழுதினான், அவனுக்கு நம்ம மேல என்ன காண்டு?” என்பது. கையெழுத்தை உற்றுப் பார்ப்பார்கள், தபால் முத்திரையில் ஊர் தேடுவார்கள். டெலிகிராமில் அந்தக் கேள்வியே விழுந்துவிட்டது. சேனலில் அட்மின் போடும் பதிவு சேனலின் பெயரிலேயே வருகிறது. சேர்ந்திருப்பவர்கள் யார் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. உங்கள் தம்பிக்கு வரும் அந்த இருநூறு ஹார்ட்டிலும் எண்ணிக்கைதான் தெரியும், போட்டவர் பெயர் தெரியாது.

இப்படிப்பட்ட கூட்டம் எப்படி உருவாகிறது என்பதற்கு நமக்கு முழுசாகப் பதிவாகிக் கிடைத்திருக்கும் உதாரணம் அமெரிக்காவின் கியூஅனான் என்ற சதிக்கதைக் கூட்டம். உங்கள் தம்பி மொழிபெயர்க்கும் ‘உலகை ஆளும் ரகசியக் கும்பல்’ கதைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபோர்சான் என்று ஒரு தளம். கணக்கு தொடங்க வேண்டாம், பெயர் வேண்டாம். எழுதுகிற எல்லோருக்கும் ‘அனானிமஸ்’ என்ற ஒரே பெயர். பதிவுகள் அங்கே தங்குவதும் இல்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு அதன் மிகப் பிரபலமான பகுதியை எடுத்து அளந்தது. 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் எந்த அடையாளமும் இல்லை. அங்கே தொடங்கிய உரையாடல்களில் பாதிக்கு மேல் ஐந்து நிமிடத்துக்குள் அழிந்துபோயின. அப்படிப்பட்ட இடத்தில் நிதானமாகப் பேசுகிற பதிவு நிலைக்காது. கண்ணைப் பறிப்பதுதான் நிலைக்கும்.

2017 அக்டோபர் 28 அன்று அங்கே ஒரு பதிவு வந்தது. ஹில்லாரி கிளிண்டன் மேல் நடவடிக்கை தொடங்கிவிட்டது, அக்டோபர் 30 முதல் அவர் பாஸ்போர்ட் கண்காணிப்பில் என்றது. எழுதியவர் பிறகு தன்னை ‘கியூ’ என்று அழைத்துக்கொண்டார். அமெரிக்க எரிசக்தித் துறையில் மிக உயர்ந்த ரகசிய அனுமதிக்கு அந்த எழுத்துதான் பெயர். அக்டோபர் 30 வந்தது, போனது. ஹில்லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஏன் முடியவில்லை என்பதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். கியூ முதல் ஆள் இல்லை. நான் எஃப்பிஐ ஆள், நான் சிஐஏ ஆள் என்று சொல்லிக்கொண்டு அதே தளத்தில் அவருக்கு முன்பே சிலர் வந்து போனார்கள். அவர்கள் யாரும் கியூ அளவுக்கு எடுபடவில்லை. பெயரோடு புளுகியவனுக்கு ஒருமுறை மாட்டினால் ஊரெல்லாம் பெயர் நாறிப்போகும். பெயர் இல்லாதவன் மறுநாள் வேறு வேஷத்தில் வந்து மறுபடி முயலலாம். ஆயிரம் பேர் ஆயிரம் கதை எறிந்து பார்க்க, ஒட்டாதது உதிர, ஒட்டுவது மட்டும் மிஞ்சுகிறது. நம் கைக்கு வந்து சேரும் கதை அப்படிச் சலித்தெடுத்த கதை. அதனால்தான் அது அவ்வளவு கச்சிதமாக மனசைத் தொடுகிறது. தம்பி ஏமாளி என்று நினைக்காதீர்கள். அவன் கையில் கிடைத்தது ஒரு பெரிய போட்டியில் ஜெயித்து வந்த சரக்கு.

கியூ எழுதிய விதமும் முக்கியம். முழு வாக்கியம் குறைவு, கேள்விகள் அதிகம். யார் அவரைச் சந்தித்தது? ஏன் அந்தத் தேதி? பணத்தைப் பின்தொடர்ந்து போ. இப்படி. இந்தத் துண்டுகளை ‘கிரம்ப்ஸ்’ என்றார்கள், ரொட்டித் துணுக்குகள். அவற்றைச் சேர்த்துக் கோத்து அர்த்தம் சொல்பவர்களுக்கு ‘பேக்கர்’ என்று பட்டம். ஆக, கதையை எழுதியது கியூ மட்டும் இல்லை. தானே தேடித் தானே கண்டுபிடித்ததாக நம்பிய ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதினார்கள். தான் சமைத்ததை யாரும் குறை சொல்ல விடமாட்டார்கள் இல்லையா? உங்கள் தம்பி ராத்திரி உட்கார்ந்து மொழிபெயர்ப்பது இதே வேலைதான். அவன் அங்கே வெறும் வாசகன் இல்லை. இதைத் திரும்பத் திரும்ப நினைவில் வையுங்கள், அவனோடு பேசும்போது உதவும்.

கணிப்புகள் பொய்த்தபோது கியூ, எதிரியைக் குழப்பத் தவறான தகவலும் தேவைதான் என்று எழுதினார். பெயருள்ள ஓர் அதிகாரி இப்படிச் சொன்னால் மேடையை விட்டு இறக்கிவிடுவார்கள். யாரென்றே தெரியாதவர் சொன்னால், ‘ஆஹா, எவ்வளவு ஆழமான திட்டம்’ என்றாகிறது.

இன்னொரு கூத்து. அந்தத் தளத்தில் ஒருவர், தான் நேற்று எழுதிய அதே ஆள்தான் என்று காட்ட ‘டிரிப்கோடு’ என்று ஒன்று உண்டு. ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்தால் அதிலிருந்து ஒரு குறியீடு வரும். கியூவின் பாஸ்வேர்டை ஆட்கள் உடைத்துவிட்டார்கள். அதாவது கியூ என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலை. இதற்கிடையே கியூ எய்ட்சான் என்ற இன்னொரு தளத்துக்குக் குடிபோனார். அதற்குப் பிறகு எழுதுவது உண்மையான கியூதான் என்று உறுதி சொல்லக்கூடியவர்கள் தளத்தை நடத்தியவர்கள் மட்டும்தான். பெயர் இல்லாத இடத்தில் எல்லோரும் சமம் என்பார்கள். கடைசியில் சர்வர் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அங்கே ராஜா.

2022 பிப்ரவரியில், ஸ்விட்சர்லாந்திலும் பிரான்சிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக கியூவின் எழுத்து நடையைக் கணினியில் ஆராய்ந்து சொன்ன முடிவை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஆரம்பத்தில் எழுதியது தென்னாப்பிரிக்க மென்பொருள்காரர் ஒருவர், பிறகு எழுதியது எய்ட்சான் தளத்தை நடத்தியவரின் மகன் என்று இரு குழுக்களும் ஒரே பக்கம் கை காட்டின. இருவரும் மறுத்தார்கள். எழுதியது யார் என்று இவ்வளவு தூரம் தோண்டியும் கூட்டம் கலையவில்லை. ஏறக்குறைய 5,000 பதிவுகளுக்குப் பிறகு, 2020 டிசம்பர் 8-ல் கியூ எழுதுவதை நிறுத்தியிருந்தார். அடுத்த மாதம், 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கும்பலில் கியூ எழுத்து பதித்த சட்டையோடும் கொடியோடும் ஆட்கள் இருந்தார்கள். எழுதியவர் மௌனமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. நாற்காலி காலியாகவே இருந்தாலும் கூட்டம் நடக்கும் என்பதுதான் இதில் என்னை மிகவும் உலுக்கிய விஷயம்.

“பெயர் மறைந்தால் மனுஷனுக்குக் கூச்சம் போய்விடும், அதனால்தான் இப்படி” என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஜான் சுலர் என்ற உளவியலாளர் 2004-ல் எழுதியது இதற்கு அடிப்படை. கெட்ட வார்த்தைப் பின்னூட்டங்களுக்கு அது சரியான விளக்கம். உங்கள் தம்பிக்குப் பொருந்தாது, அவன் யாரையும் திட்டப் போகவில்லை. அவனுக்குப் பொருந்துவது ரெய்ச்சர், ஸ்பியர்ஸ், போஸ்ட்மெஸ் என்ற மூவர் 1995-ல் வைத்த வாதம். முகமும் பெயரும் மறையும்போது மனிதன் கட்டவிழ்ந்துபோவதில்லை, குழுவோடு இன்னும் இறுக்கமாகப் பிணைந்துகொள்கிறான் என்றார்கள். எதிரில் இருப்பவரின் வயது, ஊர், உச்சரிப்பு, சட்டை எதுவும் தெரியாதபோது வேற்றுமை கண்ணில் படாது. ‘நாங்கள்’ என்பது மட்டும்தான் தெரியும். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த 2020-ல் அவன் வீட்டுக்குள் யாராக இருந்தான் என்று யோசியுங்கள். வேலையில்லாதவன், அப்பா பென்ஷனில் சாப்பிடுகிறவன். சேனலில் அவனுக்கு அந்தப் பெயரும் இல்லை, அந்த வரலாறும் இல்லை. பெயர் மறைப்பு அட்மினுக்கு மட்டும் லாபம் தரவில்லை, தம்பிக்கும் ஒரு புது ஆளாக நிற்க இடம் கொடுத்தது. இருநூறு ஹார்ட் என்பது அவனுக்குச் சின்ன விஷயம் இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஜெர்மனியில் இம்ஹோஃப், லாம்பர்ட்டி என்ற இருவர், வீடுகளில் மாட்டும் புகை எச்சரிக்கைக் கருவியைப் பற்றி ஒரு சதிக்கதையைத் தாங்களே புனைந்து ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே சதி மனப்பாங்கு உள்ளவர்களிடம், ‘இதைச் சிலர்தான் நம்புகிறார்கள்’ என்று சொன்னபோது அது அதிகமாக எடுபட்டது. ‘பெரும்பாலோர் நம்புகிறார்கள்’ என்று சொன்னபோது அவ்வளவு எடுபடவில்லை. ஆகவே “ஊரே போடுகிறது, உனக்கு மட்டும் என்ன?” என்று அவனிடம் சொல்வது விறகு அள்ளிப் போடுகிற வேலை.

சரி, ஆதார். உங்கள் கோபம் புரிகிறது. தென்கொரியா இதைச் செய்தே பார்த்தது. 2007-ல், தினமும் ஏராளமானோர் வந்துபோகும் பெரிய தளங்களில் அடையாள எண்ணைச் சரிபார்த்த பிறகே எழுத முடியும் என்று சட்டம் வந்தது. 2011-ல் அங்கே இரண்டு பெரிய தளங்களை ஹேக் செய்து மூன்றரைக் கோடி பேரின் விவரத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அரசியல் சாசன நீதிமன்றமே அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அமெரிக்கக் கதைக்கே திரும்பினாலும் இதுதான். கியூ முளைத்தது பெயரில்லாத தளத்தில். அது பரவியது எங்கே? சொந்தப் பெயரும் குழந்தைகள் படமும் போட்டு வைத்திருக்கும் ஃபேஸ்புக் குரூப்புகளில். 2020 அக்டோபரில் ஃபேஸ்புக் மொத்தமாகத் தடை போடும்வரை அங்கே காடாக வளர்ந்தது. உங்கள் தம்பியின் சேனலில் பெயர் இல்லை, ஆனால் அங்கிருந்து அவன் குடும்ப குரூப்பில் போடும் செய்திக்கு அவன் பெயர் இருக்கிறது. கொழுந்தியாள் அதை நம்பினால், அட்மினை நம்பி நம்பவில்லை, மாமாவை நம்பித்தான் நம்புகிறாள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநில, யூனியன் பிரதேசங்களில் இதே தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியால் பள்ளிகளில் பெற்றோர் மறுத்தார்கள், முகாம் நாளை நீட்டிக்க வேண்டி வந்தது. அந்த வதந்தியை எழுதியது யாரோ. அனுப்பியது மட்டும் அத்தையும் சித்தப்பாவும் வகுப்புத் தோழியின் அம்மாவும்.

பெயர் மறைப்பே பாவம் என்றும் நான் சொல்லமாட்டேன். லஞ்சத்தை அம்பலப்படுத்தும் ஊழியருக்கும், அடிக்கும் புருஷனைப் பற்றிக் கேள்வி கேட்கும் பெண்ணுக்கும் அது வேண்டும். நீங்களே பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், போடவில்லை. ஆனால் பத்திரிகை அலுவலகத்தில் உங்கள் முகவரி இருக்கிறது, எனக்குச் சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது, பதில் தவறாகப் போனால் என் பெயர் கெடும். கேள்வி கேட்க ஆள் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறார். அந்த சேனலில் அது இல்லை.

இந்த வித்தியாசத்தைத் தடுப்பூசிக் கதையிலேயே காட்டலாம். தம்பிக்கும் இது பயன்படும். 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை அடங்கிய கூட்டுத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். உலகம் பயந்தது. ஆனால் அவருக்குப் பெயர் இருந்தது, முகவரி இருந்தது. பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் தோண்டினார். தடுப்பூசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்ட வக்கீல் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்தது தெரிந்தது. 2010-ல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு அவர் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆனாலும் பிடித்துவிட்டார்கள். அட்மின் அதே பொய்யைச் சொன்னால் யாரைத் தோண்டுவது?

இப்போது, பேசும் விதம்.

அட்மின் யார் என்று இனிக் கேட்காதீர்கள். அதற்கு அவனிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் அவன் மனசில் ஓர் அடி உயர்கிறார். அதற்குப் பதிலாக, “அவர் போன வருஷம் என்னென்ன நடக்கும்னு சொன்னார்? எது நடந்துச்சு?” என்று கேளுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள், நக்கல் துளியும் வேண்டாம். சேனலில் பழைய பதிவைச் சுவடே தெரியாமல் அழித்துவிட முடியும். அதனால் அட்மின் சொல்லும் தேதிகளை ஒரு டைரியில் குறித்துவைக்கச் சொல்லுங்கள், இல்லை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தன்னை ஆராய்ச்சிக்காரனாக நினைக்கிறவன் இந்த வேலைக்கு மாட்டேன் என்று சொல்வது கஷ்டம். ஆறு மாதம் கழித்து அந்த டைரியை நீங்கள் எடுத்துப் படித்துக் காட்ட வேண்டாம், அவனே புரட்டுவான்.

ஊசியைப் பற்றிப் பேசும்போது உலகக் கும்பலைப் பற்றிப் பேசாதீர்கள். இரண்டையும் பிரித்துவிடுங்கள். இந்த ஊசி, இந்தக் குழந்தை, உனக்கு எது பயம்? அவன் உண்மையான காரணத்தைச் சொல்லும்வரை பொறுமையாகக் கேட்க வேண்டும். வலிப்பு வரும் என்று பயமா, மலட்டுத்தன்மை என்றா, முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்ததா? ‘இவர்களிடம் ஆதாரம் பேசிப் பிரயோஜனமே இல்லை’ என்று நம்மில் பலர் சொல்வோம். 2024-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு அதைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. சதிக்கதையை நம்பும் 2,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை ஏஐ ஒன்றோடு உரையாட விட்டார்கள். ஒவ்வொருவரும் தன் நம்பிக்கைக்குச் சொன்ன காரணத்தை எடுத்து, அதற்கு மட்டும் அது பதில் சொன்னது. நம்பிக்கையின் அளவு சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் ஏறவில்லை. எல்லோரும் முற்றாக மாறிவிடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஆனால் ஓர் ஊசிக்குச் சம்மதம் வாங்க அந்த இருபது போதுமே.

அப்பாவை இதில் முன்னால் நிறுத்தாதீர்கள். சொன்னால் அவர் மனசு நோகும், இருந்தாலும் அவரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் தம்பி தானே பைக்கில் தூக்கிக்கொண்டு ஓடுகிற டாக்டர் ஒருவர் இருப்பார். அவரிடம் அவனே தன் வாயால் கேள்வி கேட்கட்டும். முன்கூட்டியே டாக்டரிடம், “பொதுவா சொல்லாதீங்க, அவன் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்று சொல்லிவையுங்கள்.

அவனுக்குத் தெரியாமல் குழந்தையைத் தூக்கிப்போய்ப் போட்டுவிடலாமா என்று உங்கள் தம்பி மனைவி நினைக்கக்கூடும். தாய்க்கு அந்த உரிமை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் மறைத்துச் செய்ய வேண்டாம். மறைத்தது ஒருநாள் தடுப்பூசி அட்டையில் தெரியும். வீட்டிலேயே தனக்கு எதிராக ரகசியம் நடக்கிறது என்பதற்கு அவனுக்கு ஒரு நல்ல சாட்சி கிடைக்கும். பேசிப் பேசியும் அவன் இறங்கிவரவில்லை என்றால், அவள் நேராகவே சொல்லட்டும்: “புதன்கிழமை ஹெல்த் சென்டருக்குப் போறேன். நீங்களும் வாங்க. வரலைன்னாலும் நான் போறேன்.” அன்றைக்கு நீங்கள் துணைக்குப் போங்கள். இரண்டு முறை திரும்பிப் போன நர்ஸம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், அவர்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சேனலை விடு என்று சொல்வதால் பயன் இல்லை. அங்கே அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலைக்குக் கைதட்டல் இருக்கிறது. ராத்திரி தூக்கம் விழித்து மொழிபெயர்க்கிறான் என்றால் அவனுக்கு ஆங்கிலமும் தமிழும் ஓடுகிறது, உழைக்கவும் தெரிகிறது. உங்கள் வீட்டில் கடைசியாக அவனிடம் யார், எதற்காக, “நீதான்டா இதைச் செய்யணும்” என்று கேட்டீர்கள்? அவனுக்கென்று ஒரு பொறுப்பு, அவன் பெயர் சொல்லி ஒரு பாராட்டு, நைட் ஷிஃப்ட்டை மாற்ற முடியுமா என்ற விசாரிப்பு, இவையெல்லாம் மெல்ல வேலை செய்யும். சேனலுக்கு நன்கொடை, ‘நச்சு நீக்க மருந்து’ என்று எதற்காவது பணம் அனுப்புகிறானா என்பதை மட்டும் தம்பி மனைவி கவனிக்கட்டும்.

ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். இதுவரை அவன் சொல்வது உலகத்தைப் பற்றி. அது ‘என்னைப் பின்தொடர்கிறார்கள், என் போனைக் கேட்கிறார்கள், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறீர்கள்’ என்று தன்னைப் பற்றியதாக மாறினால், நாள் கணக்கில் தூங்காமல் இருந்தால், வேலைக்குப் போவதை நிறுத்தினால், அது வேறு. தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவன் பேச வேண்டும் என்றில்லை, நீங்களே பேசி வழி கேட்கலாம்.

பெரியப்பா விஷயம். குரூப்பிலிருந்து அவனைத் தூக்க வேண்டாம். அப்புறம் அவனுக்குச் செய்தி வருவது அந்த ஒரு வாசல் வழியாக மட்டும்தான் என்றாகிவிடும். அவன் போடும் தடுப்பூசிச் செய்திக்கு குரூப்பில் வைத்துச் சண்டை போடாதீர்கள், தனியாக அவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். குரூப்பில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: இரட்டை அம்புக்குறியோடு, பலமுறை ஃபார்வர்ட் ஆகி வரும் எதையும், எழுதியது யார் என்று தெரியாமல் யாரும் போடக் கூடாது. இதைத் தம்பியிடம் சொல்வதற்கு முன்பே பெரியப்பாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். தினமும் காலையில் மூலிகை வைத்தியம் அனுப்புகிறவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.